மருத்துவ ஆய்வுக்கு ஆள் தேவை: அங்கத்தினர் அறிய வேண்டியவை

மருத்துவக் கல்லூரிகளின் பணி மாணவர்களுக்குப் பாடம் சொல்வதோடும் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதோடும் முடிந்துவிடுவதில்லை. எந்த மருந்து எந்த நோய்க்கு எவ்வளவு பயன் தருகிறது, எந்தத் தடுப்பு முறை நம் மக்களுக்குப் பொருந்துகிறது என்று ஆராய்வதும் அவற்றின் கடமையாகும். அவ்வாறு ஆராய்வதற்கு மனிதர்கள் வேண்டும். ஆகவேதான் "இன்ன நோயுள்ளவர்கள், இன்ன வயதினர், எங்கள் ஆய்வில் பங்கேற்க விரும்பினால் வரலாம்" என்று கல்லூரிகள் அழைப்பு விடுக்கின்றன.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986 முதல் நடந்து வருகிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் தொடங்கி வைக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் நாமக்கல் கல்லூரியும் ஒன்று. கல்லூரிகள் பெருகப் பெருக, இத்தகைய அழைப்பு நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் வீட்டுக் கதவை என்றேனும் ஒரு நாள் தட்டவே செய்யும். அப்போது அவர் என்ன சொல்ல வேண்டும்? சரி என்பதா, வேண்டாம் என்பதா? இக்கட்டுரை அதற்கு விடை கூற முற்படவில்லை. விடையை அவரே தேடிக்கொள்வதற்கு வேண்டிய செய்திகளைத் தருவதே இதன் நோக்கம்.

இவ்விஷயத்தில் நம்மிடையே இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. "நம்மை எலியாக வைத்துச் சோதிக்கப் பார்க்கிறார்கள்" என்பது ஒன்று. "பெரிய டாக்டர்கள் பணம் வாங்காமல் உயர்ந்த மருந்து தருகிறார்கள், கேள்வி கேட்காமல் சேர்ந்துவிட வேண்டும்" என்பது மற்றொன்று. முதல் எண்ணம் அச்சத்தால் விளைவது. இரண்டாவது ஆசையால் விளைவது. இரண்டுமே ஆராயாமல் கொள்ளும் முடிவுகள்.

வயலில் பிறந்த முறை

ஆய்வு எப்படி நடைபெறுகிறது என்பது விவசாயிக்குப் புதிதன்று. ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புதிய மரவள்ளி ரகம் பழைய ரகத்தைவிட மேலானதா என்று அறிய வேண்டுமானால் என்ன செய்வார்கள்? வாய்க்கால் ஓரத்து வண்டல் நிலத்தில் புதியதையும், மேட்டுச் சரளையில் பழையதையும் நட்டுப் பார்த்து முடிவு கூறினால் எந்தக் குடியானவனும் நகைப்பான். நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கியது போல் தீர்மானித்து, நீரும் உரமும் ஒரே அளவில் இட்டு, கிழங்கை நிறுத்துப் பார்த்தால்தான் வேறுபாடு ரகத்தினால் வந்ததா, மண்ணினால் வந்ததா என்பது விளங்கும்.

இம்முறையை வகுத்துத் தந்தவர் இங்கிலாந்திலுள்ள ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் பணியில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் என்னும் புள்ளியியல் அறிஞர். பயிருக்காகப் பிறந்த முறையை மனித நோய்க்குப் பயன்படுத்தியவர்களுள் தலையாயவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். அதுவரை ஒரு டாக்டர் தாம் நம்பிய மருந்தைத் தாம் விரும்பிய நோயாளிக்குக் கொடுத்து, குணமானால் மருந்தைப் புகழ்வார். தேறக்கூடிய நோயாளிக்கே அவர் அந்த மருந்தைக் கொடுத்திருக்கலாம் என்பதை எவரும் பிரித்துணர இயலாதிருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புதிய மருந்து காசநோயைக் குணப்படுத்தும் என்று பேசப்பட்டது. பிரிட்டனுக்குக் கிடைத்ததோ மிகச் சிறிய அளவு. எல்லோருக்கும் கொடுக்கப் போதாத மருந்தை எவருக்குக் கொடுப்பது? பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 107 நோயாளிகளைத் தேர்ந்து, ஒட்டி மூடிய உறைகளின் மூலம் அவர்களை இரு பிரிவாக்கியது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும்; 52 பேருக்கு அந்நாளைய வழக்கப்படி ஓய்வு மட்டும். ஆறு மாதங்களில் முதற் பிரிவில் 4 பேரும் இரண்டாம் பிரிவில் 14 பேரும் இறந்தனர். 1948இல் வெளியான இம்முடிவு மருந்தின் பயனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிற்று. அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது: தனி மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்கின்றன. காசநோய்க்கு இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இந்தப் பாடத்தின் பயனேயாகும்.

சென்னை உலகுக்குச் சொன்ன செய்தி

நம் மாநிலத்தில் நடந்த ஆய்வொன்று உலகத்தின் மருத்துவ வழக்கத்தையே மாற்றியிருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம்.

1950களில் காசநோய் என்றால் சானடோரியம் என்பதே எல்லோர் எண்ணமும். நல்ல காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கான ஓய்வு ஆகியவை இல்லாமல் இந்நோய் தீராது என்று நம்பினார்கள். நாட்டில் நோயாளிகளோ பல லட்சம். படுக்கைகளோ மிகக் குறைவு. தறியில் அமர்ந்து உண்ண வேண்டியவன் ஓராண்டு சானடோரியத்தில் கிடந்தால் அவன் குடும்பத்தின் கதி என்ன என்பதும் கேள்வியாக இருந்தது.

இந்நிலையில் 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார ஸ்தாபனம், சென்னை அரசாங்கம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் டாக்டர் அதன் முதல் தலைமைப் பொறுப்பில் இருந்தார். சென்னை நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்திலும், மறு பாதியினர் தத்தம் வீட்டிலேயும் ஒரே மருந்துகளை ஓராண்டு உண்டார்கள். ஐசோனையசிடும் பி.ஏ.எஸ். என்பதும் அம்மருந்துகள். எவர் எங்கே என்பது சீட்டு முறையால் தீர்ந்தது. வீட்டிலிருந்தவர்கள் நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்தவர்கள், உணவு குறைவு, ஓய்வும் குறைவு. அவர்கள் மருந்தை ஒழுங்காக உண்கிறார்களா என்று அறிய, ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஆண்டு இறுதியில் கிருமி அடங்கிய நிலையை எய்தியவர்கள் சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92. வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86. உணவிலும் ஓய்விலும் இருந்த பெரும் வேற்றுமைக்கு முன் இந்த வேறுபாடு மிகச் சிறியது. வீட்டில் நோயாளி இருந்தால் மனைவி மக்களுக்கு அதிகமாகத் தொற்றிவிடும் என்ற அச்சம் எஞ்சி நின்றது. அக்குடும்பத்தாரை ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்ததில், சிகிச்சை தொடங்கியபின் நோயாளியை வீட்டில் வைத்திருந்ததனால் தொற்று கூடவில்லை என்பதும் நிலைநாட்டப்பட்டது.

இதன் பிறகு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறை உலகெங்கும் பரவியது. இன்று நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் மருந்தை வாங்கிக்கொண்டு ஒருவன் வீடு திரும்ப முடிகிறதென்றால், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் சென்னைக் குடிசைகளில் வாழ்ந்த பெயர் தெரியாத சில நூறு பேர் அதற்குக் காரணம். இரு நூறு பேருக்கும் குறைவானவர்களைக் கொண்டு நடந்த அவ்வாய்வு கோடிக்கணக்கானோருக்கு வழி திறந்தது. அந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டிலேயே தொடர்ந்து பணியாற்றுகிறது.

"இல்லை" என்பதும் விடையே

எல்லா ஆய்வும் நல்ல செய்தியையே கொண்டுவரும் என்று எதிர்பார்த்தல் தவறு. 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றிய மாபெரும் சோதனைக்கு லட்சக்கணக்கான மக்கள் சேர்க்கப்பட்டார்கள். பல்லாண்டு கவனித்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே முடிவாயிற்று. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளைத் தடுக்கவே அது இன்றும் போடப்படுகிறது. ஓர் ஊசியால் எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்ததனால், ஆகாததை நம்பி ஏமாறுவது தவிர்க்கப்பட்டது. சாயம் நிற்கவில்லை என்று ஒரு நூல்கட்டில் அறிந்துகொண்டால் நூறு சேலை தப்புகிறதல்லவா?

அண்மைக் கால ஆய்வு ஒன்று நம்மைப் போன்ற விளைவிப்பவர்களுக்குச் சுவையானது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை காசநோயாளிகளின் குடும்பத்தார் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் வழங்கப்பட்டது. குடும்பத்தாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் மாதந்தோறும் அரிசியும் துவரம்பருப்பும் வைட்டமின் மாத்திரைகளும் கூடுதலாகத் தரப்பட்டன. அவ்வாறு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது சுமார் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது என்று 2023இல் முடிவு வெளியாயிற்று. வயிறு நிறைந்தால் நோய் விலகும் என்று நம் பாட்டிமார் சொன்னதுதான். ஆனால் எவ்வளவு விலகும் என்று கணக்கிட்டுச் சொன்னால்தான் அரசாங்கம் அதற்குப் பணம் ஒதுக்கும். இங்கே சோதிக்கப்பட்டது புது மருந்தன்று, பருப்பும் அரிசியும் என்பதைக் கவனிக்க. ஆய்வு என்றாலே ஊசி மருந்து என்று அஞ்ச வேண்டியதில்லை. கேள்வித்தாளுக்கு விடை கூறுவது, இரத்தம் சிறிது கொடுப்பது, உடற்பயிற்சி செய்து பார்ப்பது ஆகியவையும் ஆய்வுகளே.

நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் இதில் தனி அக்கறை உண்டு. குழித்தறியில் நாள் முழுதும் குனிந்திருப்பவரின் முதுகும் முழங்காலும், விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலில் நாள்தோறும் நிற்பவரின் செவியும், பஞ்சுத் தூசை உட்கொள்ளும் மார்பும், பூச்சிமருந்து தெளிப்பவரின் உடலும் படும் பாட்டை, அத்தொழிலைச் செய்பவர்களை வைத்தே அறிய முடியும். நாம் ஒருவரும் முன்வராவிட்டால், வேறு நாட்டில் வேறு தொழில் செய்பவர்களுக்குக் கண்ட மருந்தே நமக்கும் அளவாக வைக்கப்படும்.

அநீதி நடந்த வரலாறு

இவ்வளவு நன்மையிருக்க, அச்சம் ஏன் பிறந்தது? காரணமின்றிப் பிறக்கவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் ஊரைச் சுற்றிப் பருத்தி விளைவித்து வாரத்துக்கு உழுத ஏழைக் கறுப்பினத்தார் சுமார் 600 பேரை, 1932 முதல் அந்நாட்டு அரசாங்கச் சுகாதார இலாகா கவனித்து வந்தது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. "கெட்ட இரத்தத்துக்கு வைத்தியம் செய்கிறோம்" என்று அவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் வைத்தியம் செய்யாமல் விட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதே நோக்கம். 1940களில் பெனிசிலின் அந்நோயைத் தீர்க்கும் என்று தெரிந்த பின்னரும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. செய்தித்தாள்களில் வெளியாகி 1972இல்தான் அக்கொடுமை நின்றது. 1997இல் அந்நாட்டு ஜனாதிபதி பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். இலவசச் சோதனையும் சாப்பாடும் ஈமச் செலவுக்குப் பணமும் கொடுத்தே அம்மக்களை அழைத்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் நாட்டிலும் குறை நேர்ந்ததுண்டு. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டு ஓர் ஆய்வு நடந்தது. 2010இல் அது நிறுத்தப்பட்டது. பெற்றோரின் சம்மதம் பெறப்பட வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்ததைப் பாராளுமன்ற நிலைக்குழு 2013இல் கண்டித்தது. ஊசி நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. ஒருவரின் உடலுக்கு மற்றொருவர் கையெழுத்திட்டது சரியா என்பதே இங்கு கேள்வி.

இத்தகைய அனுபவங்களிலிருந்தே விதிகள் தோன்றின. ஜெர்மானியச் சிறைமுகாம்களில் டாக்டர்கள் செய்த கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம் 1947இல் நியூரம்பர்க் நெறிகளை வகுத்தது. தானாக மனமுவந்து தரும் சம்மதம் இன்றியமையாதது என்பது அதன் முதல் நெறி. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி நகரில் ஒரு பிரகடனத்தை ஏற்றது.

சட்டம் தரும் பாதுகாப்பு

நம் நாட்டில் இப்போது 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் நடைமுறையில் உள்ளன. புது மருந்து சம்பந்தப்படாத ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் வழிகாட்டுகின்றன. அவற்றின் சாரத்தை நமக்குப் பழகிய சொற்களில் கூறலாம்.

முதலாவது, ஒவ்வோர் ஆய்வும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற பின்னரே தொடங்கலாம். புது மருந்துச் சோதனையை ஆராயும் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், தலைவரும் வெளியாரே. டாக்டர்களோடு ஒரு சட்ட நிபுணரும், ஒரு பெண்ணும், மருத்துவம் படிக்காத பொதுமனிதர் ஒருவரும் இடம்பெற வேண்டும். சங்கத்தின் கணக்கைச் சங்கத்துக் குமாஸ்தாவே தணிக்கை செய்யக் கூடாது என்று நாம் வைத்திருக்கும் விதிக்கு இது ஒப்பாகும்.

இரண்டாவது, மருந்துச் சோதனைகள் இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2007இல் தொடங்கிய இப்பதிவேட்டில் பதிவதை 2009 ஜூன் முதல் அரசாங்கம் கட்டாயமாக்கியது. எவரும் கட்டணமின்றி இணையத்தில் அதைப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு நிமிஷத்தில் தேடிக் கூறுவார்கள். பதிவு எண் சொல்ல மறுக்கும் மருந்துச் சோதனையிலிருந்து விலகி நிற்பதே நலம்.

மூன்றாவது, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் எழுதிய செய்தித்தாளைத் தந்து விளக்கி, கேள்விகளுக்கு விடையளித்து, யோசிக்க அவகாசம் கொடுத்த பின்னரே சம்மதக் கையெழுத்துப் பெற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின், ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிரதியொன்று பங்கேற்பவருக்குச் சொந்தம்.

நான்காவது, எந்த நேரத்திலும், காரணம் கூறாமலே விலகலாம். விலகியதற்காக அவருக்குரிய வழக்கமான சிகிச்சையை மறுக்கலாகாது.

ஐந்தாவது, மருந்துச் சோதனையின்போது உடலுக்குக் கேடு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும். அக்கேடு சோதனையினால் விளைந்ததென்றால் நஷ்ட ஈடும் உண்டு. உயிரிழப்பு நேர்ந்தால் வாரிசுக்கு அது சேரும். இதன்பொருட்டே அச்சோதனைகளின் சம்மதப் படிவத்தில் வாரிசுதாரரின் பெயர் கேட்கப்படுகிறது. சங்கத்தில் பங்குத்தொகைக்கு வாரிசு நியமிக்கும்போது காட்டும் கவனத்தை இங்கும் காட்டுக. அந்தக் கட்டத்தைக் கண்டு அச்சப்படவும் வேண்டாம். காலியாக விடவும் வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கூட்டுறவு இன்ஸ்பெக்டர் என்ற முறையில் பல சங்கங்களுக்குச் சென்று வருகிறேன். கடன் பத்திரத்தில் "இங்கே, இங்கே" என்று விரல் வைத்துக் காட்டிய இடங்களிலெல்லாம் அங்கத்தினர் வாசியாமலே கையெழுத்திடுவதைக் கண்டு வருந்தியதுண்டு. வட்டி விகிதம் எவ்வளவு என்று பின்னர் கேட்டால் தெரியாது என்பார். இப்பழக்கம் ஆஸ்பத்திரிக்கும் தொடர்ந்து வரக் கூடாது. கடன் தவறினால் சொத்து போகும். ஈண்டு பொருள் நம் உடல்.

ஆகவே ஆய்வுக்கு அழைக்கப்படும் அங்கத்தினர் பின்வருவனவற்றைக் கேட்க வேண்டும். இந்த ஆய்வு எதை அறிய விரும்புகிறது? இந்த மருந்து இதற்கு முன் மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டதா? முதற் கட்டச் சோதனையில் சில பத்துப் பேருக்கு, பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களுக்கே கொடுத்து, மருந்து தாங்கத்தக்கதா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகளிடம் பயனையும் அளவையும் பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பேரிடம் வழக்கமான மருந்தோடு ஒப்பிடுவார்கள். நான்காம் கட்டம் மருந்து கடைக்கு வந்த பின் நடப்பது. நாம் நிற்பது எந்தப் படியில் என்று தெரிந்தால்தான் ஆபத்தின் அளவு தெரியும்.

எனக்குப் புது மருந்துதான் கிடைக்குமா? இக்கேள்வி மிக முக்கியமானது. பல ஆய்வுகளில் ஒரு பிரிவினருக்குப் பழைய மருந்தோ, மருந்துச் சத்தே இல்லாத மாத்திரையோ தரப்படும். யாருக்கு எது என்பதை டாக்டரும் அறியாதபடி வைத்திருப்பார்கள். அறிந்தால் அவர் கண்ணும் நோயாளியின் மனமும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே "இதில் சேர்ந்தால் எனக்கு நிச்சயம் குணமாகும்" என்று நம்பிச் சேர்பவர் ஏமாற நேரலாம். சிகிச்சையின் நோக்கம் இந்த நோயாளியைக் குணப்படுத்துவது. ஆய்வின் நோக்கம் இனி வரும் நோயாளிகளுக்காக உண்மையை அறிவது. இரண்டும் ஒன்றாக நடக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இப்போது உண்ணும் சர்க்கரை மருந்தையோ இரத்தக் கொதிப்பு மருந்தையோ நிறுத்தச் சொல்வார்களா? என்னென்ன தொந்தரவு நேரலாம்? இரவில் தொந்தரவு கண்டால் எந்த எண்ணுக்குத் தெரிவிப்பது? எத்தனை முறை வரவேண்டும்? பாவு தோய்த்த நாளிலும் அறுவடை நாளிலும் வரச் சொன்னால் முடியுமா? பஸ் கட்டணமும் அன்றைய கூலியிழப்பும் ஈடு செய்யப்படுமா? என் நோயைப் பற்றிய செய்தி யார் யாருக்குத் தெரியும்? குறையிருந்தால் நெறிமுறைக் குழுவில் யாரிடம் சொல்வது? இவற்றுக்குப் பொறுமையாக விடை தரும் டாக்டரிடம் நம்பிக்கை வைக்கலாம். கேள்வி கேட்டதற்காக முகம் சுளிப்பவரிடம் "யோசித்துச் சொல்கிறேன்" என்று கூறி எழுந்து வந்துவிடலாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வழிச்செலவையும் வேலை நஷ்டத்தையும் ஈடு செய்வது முறையே. ஆனால் ஆபத்தை மறக்கச் செய்யும் அளவுக்குத் தொகை காட்டி அழைப்பது நெறியாகாது. தறியில் வேலையில்லாத மாதத்தில், தவணை கட்ட வேண்டிய நாளில், அத்தொகை பெரிதாகத் தோன்றும். அந்நாளில் முடிவெடுக்க வேண்டாம். தவணைக்கு வழி வேண்டுமானால் சங்கத்தில் தவணை நீட்டிப்புக்கு மனுக் கொடுக்கலாம். உடலை ஈடு வைக்க வேண்டியதில்லை.

சங்கத்தின் கடமை

ஆய்வாளர்களுக்கு ஒரே இடத்தில் பலரைக் காணக் கூட்டுறவுச் சங்கம் வசதியான இடம். ஆகையால் நிர்வாகக் குழுவை அவர்கள் அணுகக்கூடும். அவ்வாறு வந்தால் வரவேற்பதில் தவறில்லை. கூட்டம் கூட்டி, டாக்டரை அழைத்து விளக்கச் செய்யலாம். படிக்கத் தெரியாதவர்களுக்குச் செய்தித்தாளை வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்யலாம். அதன் எல்லை அவ்வளவே.

தலைவரும் நிர்வாகக் குழுவும் மூன்று காரியங்களைச் செய்யலாகாது. அங்கத்தினர் பதிவேட்டை, அவர்களைக் கேளாமல், வெளியாரிடம் கொடுக்கலாகாது. காசநோய் முதலியவை உள்ளவர் இன்னார் என்று சங்கத்தின் வழியாக ஊருக்குத் தெரிந்தால் அக்குடும்பத்தின் திருமணப் பேச்சு வரை அது தொடரும். இரண்டாவதாக, "நம் சங்கத்திலிருந்து ஐம்பது பேர் வருவார்கள்" என்று வாக்களிக்கலாகாது. மகாசபை எதைப் பற்றியும் தீர்மானம் போடலாம். ஓர் அங்கத்தினரின் உடம்பைப் பற்றிப் போட இயலாது. மூன்றாவதாக, சேர மறுத்தவருக்கு நூல் பட்டுவாடாவிலோ, கூலியிலோ, கடனிலோ, உரப் பங்கீட்டிலோ அணுவளவும் வேற்றுமை காட்டலாகாது. தலைவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லாவிட்டாலும், "மறுத்தால் அடுத்த மாதம் நூல் தாமதமாகுமோ" என்ற எண்ணம் அங்கத்தினர் மனத்தில் இருந்தால் அவர் தரும் சம்மதம் சம்மதமாகாது. அந்த எண்ணம் எழாதபடி, மறுப்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதைத் தலைவரே கூட்டத்தில் முதலில் எடுத்துக் கூறுவது நன்று.

நம் இயக்கத்தின் அடிப்படையே தானாக முன்வந்து சேர்வதும் விரும்பினால் விலகுவதும்தான். எவரையும் கட்டாயப்படுத்திச் சங்கத்தில் சேர்ப்பதில்லை. சேர்ந்தவருக்குக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. ஆதாயம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டிய பொறுப்பு நிர்வாகிகளுக்கு உண்டு. நேர்மையான மருத்துவ ஆய்வும் இதே மூன்று தூண்களின்மேல்தான் நிற்கிறது. ஆதலால் கூட்டுறவு அறிந்தவனுக்கு இது அந்நியமான விஷயமன்று.

ஆராய்ந்து, கேட்டு, வீட்டாரோடு கலந்து, மனம் ஒப்பினால் சேருங்கள். அவ்வாறு சேர்பவர் தமக்குப் பின் வரும் ஆயிரம் நோயாளிகளுக்கு உதவியவராவார். மனம் ஒப்பாவிட்டால் தயக்கமின்றி மறுத்துவிடுங்கள். அதனால் எவருக்கும் நீங்கள் கடன்பட்டவராக மாட்டீர்கள். சேர்ந்தாலும் மறுத்தாலும், செய்தித்தாளை முழுவதும் வாசிக்காமல், அல்லது நம்பிக்கைக்குரிய ஒருவர் வாசிக்கக் கேளாமல், பேனாவைக் கையில் எடுக்க வேண்டாம். சேர்ந்தவர்கள், கையெழுத்திட்ட பிரதியைச் சங்கத்துப் பாஸ் புத்தகம் இருக்கும் அதே பெட்டியில் பத்திரமாக வைத்திருங்கள்.